ஆக்கள் வந்தால் எடுக்கிற கோப்பை

டொலறஸ் வீட்டுச் சோபா என்ன நிறம் என்று கேட்டால் சொல்லுவேன். தொட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. வாங்கிய அன்று கடைக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்றைக்கும் அதன்மேல்தான் இருக்கிறது. கோடையில் உட்கார்ந்து எழும்பினால் உடுப்பு பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். டிவி ரிமோட்டுக்கு ஒரு பொலித்தீன் பை. குளியலறையில் நல்ல துவாய்கள் நாடா கட்டியபடி தொங்குகின்றன; முகம் துடைக்கப் பக்கத்தில் ஒரு கிழிந்த துவாய். நல்ல பீங்கான் எல்லாம் முன்னறைச் சோக்கேஸுக்குள். வீட்டுக்காரர் தேத்தண்ணி குடிப்பது பெட்ரோல் அடித்தால் சும்மா கொடுக்கிற மக்கில்.

கேட்டால் ஒரே பதில்தான்.

"ஆக்கள் வந்தால் எடுக்க வேணுமெல்லோ, கலாக்கா."

யார் அந்த ஆக்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. லண்டன் பிளேஸ்டோவில் அவளுக்கு அடுத்த வீடு என்னுடையது. முற்றத்து வேலியால் எட்டிப் பார்த்தால் அவள் குசினி தெரியும். இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது நான் போகிறேன். எனக்கும் அந்தப் பெட்ரோல் மக்தான். என்னை அவள் ஆக்களில் சேர்ப்பதில்லை.

டொலறஸ் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவள். கலியாணம் பேசி ஜெர்மனிக்கு எடுத்தார்கள். மாப்பிள்ளை செபமாலைமுத்து, எனக்கு முத்தண்ணை, ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தவர். நல்ல மனுசன், ஆனால் ஒரு விஷயத்தைக் கேட்டால் மறுநாள்தான் பதில் வரும். டொலறஸுக்கு ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் துணி தோய்க்கிற வேலை கிடைத்தது. மேலே எத்தனையோ மாடி. அந்த மாடிகளில் வந்து படுத்துப் போன ஒரு மனுசரின் முகத்தைக்கூட அவள் கண்டதில்லை. அவர்கள் படுத்த விரிப்பைத்தான் கண்டாள். இளமைக் காலம் முழுக்க அங்கேதான் போனது.

ஜெர்மன் பாஸ்போட் கையில் கிடைத்ததும், மகள் துஷ்யா இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று எல்லாரையும் போல இவர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால் டொலறஸுக்கு வாய்த்தது இன்னொரு நிலக்கீழ் அறை.

ஹோபர்ன் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள் அந்தக் கடை இருந்தது. யப்பானில் கையால் செய்த வெள்ளைப் பீங்கான் சாமான் மட்டும்தான் அங்கே விற்பார்கள். சோத்துக் கோப்பை, தேத்தண்ணிக் கோப்பை, சின்னத் தட்டு, அவ்வளவுதான். வீட்டில் நித்தம் புழங்குகிற சாமான், ஆனால் விலையைக் கேட்டால் நித்தம் புழங்க மனம் வராது. கடைக்காரி ஹயாஷி என்று ஒரு யப்பான்காரி, அறுபது வயது தாண்டியவர், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார். மேலே வெளிச்சமான அறையில் தட்டுகளுக்கு நடுவில் ஒரு பெண் நின்று வியாபாரம் பார்ப்பாள். கீழே டொலறஸ் பெட்டி பிரிப்பாள், பெட்டி கட்டுவாள். யன்னல் கிடையாது. சுவரில் ஈரம். மேலே ஆட்கள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

"ஜெர்மனியிலயும் கீழ, இஞ்சயும் கீழ. செத்தாப் பிறகும் கீழதானே போடப்போறாங்கள். இடையில கொஞ்ச நாளாவது மேல நிக்க ஏலாதோ, கலாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அதுதான் அவளுடைய ஆசை. சம்பளம்கூடப் பெரிய வித்தியாசமில்லை. வருகிற சனத்தின் முகத்தைப் பார்த்து, "குட் மோர்னிங், என்ன வேணும்?" என்று கேட்கிற ஒரு வேலை. வேறொன்றும் அவள் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

சந்தர்ப்பம் வந்தது. புரட்டாதி மாதம், மேலே நின்ற பெண் மாரி முடியப் பிள்ளைப்பேற்றுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். ஹயாஷி இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருத்தி டொலறஸ். மற்றவள் கடை கூட்டித் துடைக்கிற போலந்துப் பெட்டை, ஏவா. இரண்டு பேருக்கும் நாலு நாலு வெள்ளைக் கோப்பைகள் கொடுத்தார். வீட்டில் நித்தம் இதிலேயே சாப்பிடுங்கள், மாரி முடிந்து நான் கேட்கும்போது அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள், இதில் சாப்பிட்டவள்தான் இதை விற்கலாம் என்று சொன்னார். பரீட்சை அவ்வளவுதான். படிக்கத் தேவையில்லை, பாடமாக்கத் தேவையில்லை. சாப்பிட்டால் போதும்.

கோப்பைகள் வீட்டுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். முத்தண்ணை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்னப்பா, கழிச்சு விட்ட சாமானே? கோணலாக் கிடக்கு."

"கையால செய்தது, இஞ்சாருங்கோ. அதுதான் விலை."

"கையால செய்தாக் கோணலாத்தான் வரும். அதுக்கு ஆர் காசு குடுக்கிறான்?"

கோணல்தான். வாய் வட்டமாக இல்லை. விளிம்புக்குக் கீழே செய்தவனுடைய பெருவிரல் பதிந்த இடம் அப்படியே குழியாக இருந்தது. வெள்ளை என்றால் பளீர் வெள்ளையும் இல்லை, அரிசி கழுவின தண்ணி நிறம். சாம்பல் நிற மண்ணில் கோப்பையைச் செய்து, வெள்ளை மண்ணைக் கரைத்து அதில் தோய்த்து, மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சுப் பூசிச் சுடுவார்களாம். அந்தப் பூச்சில் மயிர் அளவுக்கு மெல்லிய வெடிப்புக் கோடுகள் ஓடும். சாப்பிடச் சாப்பிட, குடிக்கக் குடிக்க, அந்தக் கோடுகளுக்குள் சாயம் இறங்கிக் கோப்பை மெல்ல மெல்ல நிறம் மாறும். அப்படி மாறினால்தான் நல்ல கோப்பை என்று யப்பான்காரர் சொல்லுவார்களாம். ஹயாஷி மத்தியானம் சாப்பிடுகிற கோப்பை உள்ளே முழுக்க மேகம் மேகமாக மண்ணிறமாக இருக்குமாம்.

"முதல் நாள் கண்டிட்டு, இந்த மனுசிக்குக் கழுவத் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன்" என்று டொலறஸ் சொன்னாள்.

"சரி, இனி உனக்கும் கழுவத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு இதில சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தமுறை போனபோது கோப்பைகள் நாலும் சோக்கேஸுக்குள் இருந்தன. கண்ணாடிக் கதவு பூட்டி, திறப்பு மாதா படத்துக்குப் பின்னால்.

"எடி விசரி, உதில சாப்பிடச் சொல்லியெல்லோ தந்தவ?"

"சாப்பிடுவம், கலாக்கா. முதல் ஆரும் ஆக்கள் வரட்டும். புதுச்சாமானை வீட்டில நாங்களே எடுத்து எச்சிப்படுத்திப்போட்டு, பேந்து வாற சனத்துக்கு அதையோ வைக்கிறது?"

"ஆர் வாறது?"

"ஆரும் வருவினம்தானே."

நத்தாருக்கு வந்தார்கள், செவன் கிங்ஸிலிருந்து முத்தண்ணையின் சொந்தக்காரர். சின்னப் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று அன்றைக்குக் கடதாசித் தட்டில் போட்டுக் கொடுத்தாள். வருஷப்பிறப்புக்குப் பங்குச் சாமியார் வந்தார். அவர் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு மனுசிக்கு ஒரு வேலை கிடைக்கப் போகிறது. அதற்கு அவள் செய்யவேண்டியது வாயைத் திறந்து சாப்பிடுவது. அதையும் செய்ய மாட்டேன் என்கிறாள். அங்கே போலந்துப் பெட்டை நித்தம் கஞ்சியும் சூப்பும் ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பாள் என்று நான் சொன்னதற்கு, "அவளவைக்கு வீட்டில சோக்கேஸ் இல்லையாக்கும்" என்றாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வேலியடியில் நின்று கூப்பிட்டாள். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"கலாக்கா, சனிக்கிழமை கொண்டுவரட்டாம்."

"எதை?"

"கோப்பையை."

வாயைத் திறந்தால் கூடாத வார்த்தைதான் வந்திருக்கும். கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சோக்கேஸ் திறந்து கிடந்தது. நாலு கோப்பையும் குசினி மேசையில். வந்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே, ஒரு சொட்டுக் கறி படாமல்.

துஷ்யாதான் வழி சொன்னாள். பள்ளிக்கூட உடுப்போடு நின்று, "சும்மா ரீயில போட்டு அவியுங்கோவன். ப்ரைமறியில நாங்கள் பேப்பரை ரீயில போட்டுப் பழசாக்கினனாங்கள். லைக், ட்ரெஷர் மப்" என்றாள்.

"மப்பும் கிப்பும். நீ போய்ப் படி" என்று சொன்ன டொலறஸ், அவள் மேலே போனதும் பெரிய சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"எடி, வேண்டாம். போய் உண்மையைச் சொல்லு" என்றேன்.

"என்னண்டு சொல்லுறது? அரை வருஷம் சோக்கேஸுக்குள்ள வைச்சனான் எண்டோ? சிரிப்பினம்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்."

"நீங்கள் மேல நிண்டுகொண்டு சொல்லுறியள். நானெல்லோ கீழ கிடக்கிறன்."

தேயிலையைக் கொட்டினாள். நிறம் போதவில்லை என்று இன்னும் கொட்டினாள். எங்கள் வீட்டில் பருப்பும் சொதியும்தானே, தேயிலைச் சாயம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுவார் என்று சொல்லி மஞ்சள்தூளும் இரண்டு கரண்டி போட்டாள். கொதிக்கிற சட்டிக்குள் நாலு கோப்பையையும் இறக்கி மூடினாள். முத்தண்ணை வேலையால் வந்து மணத்தைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

"என்ன ரசமே?"

"ஓம், ரசம். போய் முகம் கழுவுங்கோ."

மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரசத்துக்குள்ள கோப்பை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு அவர் முகம் கழுவப் போய்விட்டார். அதைப்பற்றி அவர் மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவளோடு நானும் போனேன். மைல் எண்டில் ரயில் மாறுகிறபோது, "நல்லாத்தானே வந்திருக்கு, கலாக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நல்ல மஞ்சள்தான். பிறகென்ன, சாமத்தியச் சடங்கில் மஞ்சள் தண்ணி வைக்கலாம் போல இருந்தது.

கடையில் ஏவாவின் கோப்பைகள் முதலே மேசையில் இருந்தன. உள்ளே அடியில் மண்ணிற நிழல். வெளியே வெள்ளை. ஒன்றில் விளிம்பு உடைந்திருந்தது. தன் பிள்ளை கரண்டியால் அடித்தது என்று அவள் வெட்கப்பட்டுச் சொன்னாள். ஹயாஷி அந்த உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பிறகு டொலறஸின் பையைத் திறந்தார். ஒன்றை எடுத்தார். உள்ளே பார்த்தார், மஞ்சள். வெளியே பார்த்தார், அதே மஞ்சள். கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் பூச்சில்லாத வெறும் மண் வளையம் ஒன்று இருக்கும், அதுவும் மஞ்சள். மற்ற மூன்றையும் கவிழ்த்தார். எல்லாம் ஒன்று போல.

"கீழ்ப்பக்கத்திலும் சாப்பிட்டாயா?" என்று இங்கிலீசில் கேட்டார்.

எனக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது. ஏவா சிரிப்பை அடக்கத் தெருப்பக்கம் திரும்பினாள். டொலறஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீசில், மெதுவாக, சொல்லிவிட்டாள். சாப்பிடவில்லை. ஆக்கள் வந்தால் எடுக்க வைத்திருந்தேன். வியாழக்கிழமை அவித்தேன்.

ஹயாஷி கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அரை வருஷத்தில் ஒருவரும் வரவில்லையா?" என்று கேட்டார்.

"கோப்பைக்குத் தகுந்த ஆள் வரவில்லை" என்றாள் டொலறஸ்.

"சரி. நாளைக்கு நான் வருகிறேன். இதையும் கொண்டு போ. இதில் தா."

அந்தச் சனிக்கிழமை இரவு டொலறஸ் வீடு பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. பாசையூர்க்காரிக்குச் சமைக்கத் தெரியாதென்று யாரும் சொல்ல ஏலாது. நண்டுக்கறி, இறால் பொரியல், பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. சோபா உறையைக் கழற்றலாமா என்று முத்தண்ணை கேட்டார். "அவ சாப்பிட்டிட்டுப் போயிடுவா, பேந்து ஆர் போடுறது?" என்று பேச்சு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹயாஷி வந்தார். கையில் ஒரு பெட்டி பிஸ்கட். சப்பாத்தை வாசலில் கழற்றினார். அதைப் பார்த்து முத்தண்ணைக்கு அவரில் உடனே மரியாதை வந்துவிட்டது. சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போனோம். மேசையில் ஒரே ஒரு கதிரைக்கு முன்னால் நாலு மஞ்சள் கோப்பையும் வரிசையாக இருந்தன. ஒன்றில் சோறு, ஒன்றில் நண்டு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் சொதி. மிச்சக் கதிரைகள் சுவரோடு. டொலறஸ் அகப்பையோடு ஒரு பக்கம், முத்தண்ணை தண்ணிப் போத்தலோடு மறுபக்கம், நானும் துஷ்யாவும் வாசலில். எல்லாரும் அந்த மனுசியின் வாயைப் பார்த்தபடி.

ஹயாஷி உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார். எங்களைப் பார்த்தார். கரண்டியை வைத்தார்.

"உங்கள் கோப்பைகள் எங்கே?"

"நீங்கள் சாப்பிடுங்கோ. நாங்கள் பேந்து" என்றாள் டொலறஸ். துஷ்யா அதை இங்கிலீசில் சொன்னாள்.

"நீ இருந்தால்தான் நான் சாப்பிடுவேன்."

"ஐயோ, நான் இருந்தால் ஆர் போடுறது?"

"எனக்குக் கை இருக்கிறது."

டொலறஸ் என்னைப் பார்த்தாள். "கலாக்கா, இந்த மனுசிக்கு விளங்கப்படுத்துங்கோ. வந்த ஆக்கள் சாப்பிடேக்க வீட்டுக்காரி பக்கத்தில இருந்து சாப்பிடுறதோ? எங்கயாவது நடக்குமோ?"

"எனக்கென்ன தெரியும்? உன்ர வீட்டில நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை" என்றேன். அவளுக்கு அது சுட்டது. சுடட்டும் என்றுதான் சொன்னேன்.

நண்டு ஆறிக்கொண்டிருந்தது. ஹயாஷி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். டொலறஸ் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முத்தண்ணை தண்ணிப் போத்தலின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"அம்மா, ஜஸ்ட் சிட். திஸ் இஸ் சோ எம்பரஸிங்" என்றாள் துஷ்யா.

"நீ வாயை மூடு." பிறகு டொலறஸுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தமிழில் கொட்டினாள். "எத்தினை வருஷமா ஆக்கள் வருவினம் வருவினம் எண்டு சாமான் சேர்த்து வைச்சுக்கொண்டிருக்கிறன். ஜெர்மனியில ஒரு நாய் படியேறி வரேல்ல. இஞ்ச வந்தும் வாறவையெல்லாம் கடதாசித் தட்டில திண்டிட்டுப் போகினம். இண்டைக்குத்தான் ஒரு மனுசி, எனக்கு வேலை தாற மனுசி, தானா வந்து என்ர மேசையில இருக்கிறா. நான் நிண்டு போட்டுக் குடுக்க வேண்டாமோ? அந்தச் சந்தோசம்கூட எனக்கு இல்லையோ? இருக்கச் சொல்லுறாவாம், இருக்க!"

துஷ்யா முழுவதையும் சொன்னாளோ, அரைவாசி சொன்னாளோ தெரியாது. ஹயாஷி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரோடு இருந்த கதிரையை இழுத்துத் தன் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார். சோத்துக் கோப்பையைத் தன் முன்னாலிருந்து தூக்கி அதற்கு முன்னால் வைத்தார். நின்றபடியே, "மேலே கடைக்கு வருகிறவர்கள் நீ இதில் சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்பார்கள். நீ என்ன சொல்வாய்?" என்றார்.

டொலறஸ் அகப்பையை வைத்தாள். "வேலைக்காக இருக்கிறன்" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுக் கதிரையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பருப்பை ஊற்றி, விரலை விட்டு, சோத்தைக் குழைக்கப் பார்த்தாள்.

குழைக்க முடியவில்லை. கோப்பை சின்னது, ஆழம். விரல் போகிறது, திருப்ப இடமில்லை. சோறு விளிம்பால் கொட்டி மேசை விரிப்பில் விழுந்தது. இன்னொரு தரம் பார்த்தாள். இன்னும் கொட்டியது.

"இது சோத்துக்குச் சரிவராது" என்று ஹயாஷிக்கு நேரே இங்கிலீசில் சொன்னாள்.

ஹயாஷிக்கு முகம் மாறியது. "இது சோத்துக் கோப்பை. சோத்துக்கென்றே செய்தது. எங்கள் நாட்டில் எல்லாரும் இதில்தான் சோறு சாப்பிடுகிறார்கள்."

"உங்கட சோறு ஒட்டும். எங்கட சோறு ஒட்டாது. நாங்கள் கறி விட்டுக் குழைக்க வேணும். இதுக்கை கை திரும்பாது."

"கையில் தூக்கி, வாய்க்குப் பக்கத்தில் பிடி." ஹயாஷி தூக்கிக் காட்டினார்.

"கோப்பையைத் தூக்கிச் சாப்பிட்டால் எங்கட வீட்டில அடிதான் விழும்."

"அப்படியென்றால் உங்கள் வீட்டில் தவறு."

"உங்கட கோப்பையில பிழை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வேலைக்காக இருக்கிறேன் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் முதலாளியோடு சண்டைக்கு நிற்கிறாள். டொலறஸ் விடவில்லை. சொதிக் கோப்பையை இழுத்தாள். இரண்டு கையாலும் தூக்கி ஒரு மிடறு குடித்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"சொதிக்கு நல்லது. சூடு கையில சுடேல்ல. பெருவிரல் வைக்க இடம் கிடக்கு. கூழுக்கும் நல்லாயிருக்கும். சோத்துக்கு ஏலாது."

"அதை அரை வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கலாம்" என்றார் ஹயாஷி. அதிலே மட்டும் அவருக்கு என் முழு ஆதரவு.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ஹயாஷி நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிட்டார், மஞ்சள் நகமெல்லாம் ஏறியது. டொலறஸ் இடையில் இறால் எடுக்க இரண்டு தரம் எழும்பப் பார்த்தாள். இரண்டு தரமும் ஹயாஷி அவளுடைய முழங்கையைப் பிடித்து இருத்தினார். முத்தண்ணைதான் போய் இறாலை எடுத்து வந்தார். அந்த வீட்டில் அவர் கறிச்சட்டி தூக்கியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

போகும்போது ஹயாஷி, "நண்டு நன்றாக இருந்தது" என்றார். வேலையைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதவைச் சாத்தியதும் டொலறஸ் என்னில் பாய்ந்தாள்.

"நீங்களாவது என்னைத் தடுத்திருக்கலாம். பிழையெண்டு அவவின்ர முகத்துக்கு நேர சொல்லிப்போட்டன்."

"உன்னை ஆர் தடுக்கிறது? சாப்பிடு எண்டு தொண்டை கிழியக் கத்தினன், சாப்பிட்டியோ? சண்டை பிடிக்காதை எண்டா நிப்பாட்டுவியோ?"

திங்கட்கிழமை பின்னேரம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. டொலறஸ், கோட்டோடு, வேலையால் நேரே வந்திருந்தாள்.

"ஏவாவுக்குக் குடுத்திட்டா" என்றாள்.

நான் கையைத் துடைத்துவிட்டு, வா உள்ளே என்றேன். வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"திங்கள் தொடக்கம் வெள்ளி அவள் மேல. எனக்குச் சனிக்கிழமை மட்டுமாம். சனிக்கிழமை கனக்கச் சனம் வரும், எதுக்கு எது சரி, எது சரிவராது எண்டு சொல்ல ஆள் வேணுமாம். மிச்ச நாள் கீழ."

"ஒரு நாள் எண்டாலும் மேலதானே. பிடிச்சுக்கொள்."

"ஏன் பிடிக்கிறது? அவள் சாப்பிட்டவள் எண்டு அஞ்சு நாள். நான் அவிச்சனான் எண்டு ஒரு நாளோ?"

"ஓம். சரியான கணக்குத்தான்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வெள்ளியும் சனியும் வேணுமெண்டு கேட்டனான்" என்றாள்.

இவ்வளவு காலத்தில் அவள் தனக்கென்று யாரிடமும் ஒன்றைக் கேட்டதாக எனக்குத் தெரியாது.

"என்ன சொன்னவ?"

"யோசிக்க வேணுமாம். அப்ப யோசியுங்கோ எண்டிட்டு நான் கீழ இறங்கேல்ல. மேலயே நிண்டனான், பின்னேரம் வரைக்கும். வந்த சனத்துக்கெல்லாம் குட் மோர்னிங் சொன்னனான், மத்தியானத்துக்குப் பிறகும். பெட்டியெல்லாம் அவவே கீழ போய்ப் பிரிச்சவ."

"எடி, அவ உன்னை வேலையை விட்டு நிப்பாட்டிப்போட்டால்?"

"நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும்." ஒரு மூச்சு விட்டாள். "இல்லை, நிப்பாட்டக்கூடாது. நிப்பாட்டுவாவோ, கலாக்கா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நாளைக்கும் மேலதான் நிக்கப்போறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கித் தன் வீட்டுக்குப் போனாள்.